பெரம்பூர் காதுகளுக்கு மின்னணு இசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஒரு மாதமாக இரவுகளில் நான் கேட்டுவரும் மின்னணு இசை குறித்து எழுத விரும்புகிறேன். பிரெஞ்சு இசைஞர் பியர் ஷேஃபர் 1948-இல் பாரிஸ் ரயில் நிலையமொன்றில் இன்ஜின்களின் ஓசையைப் பதிவு செய்து, அதை வெட்டியும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டும் உருவாக்கிய சிறு படைப்பு, ரயில்வே பணிமனைச் சங்கொலியைக் கேட்டே வளர்ந்த எனக்குச் சற்றும் அந்நியமாகப் படவில்லை.

அதைவிட வியப்பளித்தது மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங்கின் 1982-ஆம் ஆண்டு இசைத் தொகுப்பு. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்னும் மின்னணு அடிநாதக் கருவியும் டிஆர்-808 என்னும் மின்னணுத் தாளக் கருவியும் இடைவிடாமல் பின்னணி கொடுக்க, பத்து இந்துஸ்தானி ராகங்களை அவர் வாசிக்கிறார். அவற்றுள் மால்கௌன்ஸ், அதாவது நம் இந்தோளம், என்னை நான்கு இரவுகள் உறங்கவிடவில்லை. சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் மின்னணு நடன இசைவகை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே இவ்வாறான ஒலி இந்தியாவில் பதிவாகியிருக்கிறது என்பது பரவலாகத் தெரிய வேண்டிய செய்தி. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே மூக் என்னும் மின்னணு இசைக்கருவியுடன் ஒலிக்கூடம் இயங்கியதும் அப்படியே.

கானாவுக்கு இடமளிக்கும் தங்கள் ஞாயிறு இணைப்பில் இத்தகைய இசைக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பெரம்பூர், சென்னை