கிட்டார் செய்ற அண்ணங்களுக்கு: அட்வான்ஸ் வாங்குறப்பவே எழுதிக் குடுங்க

ஆர்டர் எடுத்து கையால கிட்டார் செய்ற எல்லா அண்ணங்களுக்கும் வணக்கம். நான் சென்னைல கிட்டார் கிளாஸ் எடுக்கறவன், கஸ்டம் கிட்டார் சொல்லலாமா சார்னு பசங்க கேட்டா இப்போதைக்கு வேணாம்னுதான் சொல்றேன், அது ஏன்னு உங்ககிட்டயே சொல்லிடறேன்.

கடைக்குப் போனா நாலஞ்சு கிட்டார வாசிச்சுப் பாத்து புடிச்சத தூக்கிட்டு வரலாம். உங்ககிட்ட மொதல்ல காசு, அப்புறம் மாசக்கணக்குல வெயிட்டிங், கடைசிலதான் சவுண்டு. ஒரே மரத்துல ஒரே ஆள் செஞ்சாலும் ரெண்டு கிட்டார் ஒரே மாதிரி பேசாது, அதனால சவுண்டுக்கு கேரண்டி யாரும் கேக்கல.

நான் கேக்கறது ஈரப்பதத்த பத்தி. கிட்டாரோட முன்பலகை, அதான் ஸ்ப்ரூஸ் மரத்து டாப், அதோட கனமே மூணு மில்லிமீட்டர் பக்கம்தான், அதுக்கு உள்பக்கம் பிரேஸ்னு தாங்குற குச்சிங்கள வச்சு ஒட்டறப்ப ரூம்ல 45-லேந்து 50 சதவீதம் ஈரப்பதம் இருக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? நம்மூர் மழைல அது 80-அ தாண்டும், அப்போ ஜன்னல தொறந்து வச்சுட்டு ஒட்டினா மரம் ஊறின நெலமையிலயே மாட்டிக்கும், அத வாங்கிட்டுப் போறவன் ஏசி ரூம்ல வச்சதும் சுருங்க எடமில்லாம டாப் பொளந்துடும், நெக்ல, அதாவது கைப்பிடிக் கட்டைல, பதிச்ச ஃப்ரெட் கம்பிங்களோட முனையெல்லாம் வெளிய துருத்தி கையக் கிழிக்கும். காஞ்ச ரூம்ல ஒட்டினது மழைக்கு உப்பி ஆக்‌ஷன் (கம்பிக்கும் நெக்குக்கும் நடுவுல உள்ள ஒசரம்) ஏறும்தான், ஆனா அத பெரும்பாலும் சரி பண்ணிடலாம். பொளந்தத ஒட்டலாம், கோடு போகாது. கேட்டா "நீ சரியா பாத்துக்கல தம்பி"ன்னு பழிய கிட்டார் வாங்கினவன் தலைலயே போட்டுடறீங்க.

அப்புறம் நட் அகலம், அதாவது நெக்கோட தலைமாட்டுல கம்பிங்க உக்கார்ற பட்டையோட அகலம். 43 மில்லிமீட்டரா 44.5-ஆன்னு ஃபோன்ல பேசி முடிச்சா எப்படி? விரலாலயே கம்பிய மீட்டி ஃபிங்கர்ஸ்டைல் வாசிக்கறவனுக்கு அந்த ஒண்ணரை மில்லிமீட்டர்தான் எல்லாமே, நெக்க செதுக்கினப்புறம் அகலமாக்க முடியுமா என்ன.

மரத்துக்கு பில்லும் வேணும். கிட்டாருக்குப் போடற ஈட்டி மரத்துக்கு (ரோஸ்வுட்) 1994-லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் போட்டாங்க, 2017-லேந்து சர்வதேச கட்டுப்பாடும் இருக்கு. ரெடியான வாத்தியத்துக்கு 2019-ல தளர்வு குடுத்துட்டாங்க, சரி, ஆனா மரம் எங்கேந்து வந்துச்சுன்னு கேட்டா சிரிச்சு மழுப்பறது நல்லால்ல.

பிடிக்கலன்னா வித்துக்கலாம்ங்கற பேச்செல்லாம் வேணாம், பேர் தெரியாத மேக்கர் கிட்டார போட்ட காசுக்கு யார் வாங்குவா?

அட்வான்ஸ் ரசீதுலயே மரம், அளவு, ஒட்டின ரூமோட ஈரப்பதம், டெலிவரி தேதி, லேட்டானா எவ்ளோ திரும்பக் குடுப்பீங்க, மொத மழை முடிஞ்சதும் ஒரு ஃப்ரீ செட்டப் (கம்பி ஒசரமெல்லாம் சரி பண்ணிக் குடுக்கறது), இத எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க. அப்படி குடுக்கறவர்ட்ட பசங்கள நானே அனுப்பறேன், கமிஷன்லாம் வேணாம்.