உன் காமன் ஃபோல்டரைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சி (C) மொழிக் கோடைப் பார்த்தேன். வளரும் அரே, ஹேஷ் டேபிள் (சாவியை வைத்துத் தேடும் அட்டவணை), ஸ்ட்ரிங் வேலைகள், லாகர் (நடப்பதைப் பதிவு செய்யும் பகுதி) எல்லாமே நன்றாக இருக்கின்றன. உறுத்துவது கோடு இல்லை, அதை நீ வைத்திருக்கும் விதம்தான். உன் புராஜெக்ட்டுகள் எல்லாம் ஒரே காமன் ஃபோல்டரை நேராக இன்க்ளூட் செய்கின்றன. புதிய புராஜெக்ட்டுக்காக ஒரு ஃபங்ஷனில் ஆர்க்யுமென்ட் சேர்ப்பாய். ரொம்ப நாளாகத் தொடாத பழையது கம்பைல் ஆகாமல் நிற்கும். அதுகூடப் பரவாயில்லை, எரராவது வரும். ஃபங்ஷன் திருப்பித் தரும் பாயின்டரை (மெமரி முகவரியை) ஃப்ரீ செய்து அந்த மெமரியை விடுவிக்க வேண்டியது யார் என்பதை மாற்றினாயானால், கம்பைலர் வாயே திறக்காது.

அதனால் மூலத்தை ஒரு லைப்ரரியாகத் தனி கிட் ரெப்போவில் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் களஞ்சியத்தில்) வை. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தேவையான ஃபைலை மட்டும் காப்பி செய்து, முதல் வரியில் வெர்ஷன் எண்ணை எழுது. காப்பி அடிப்பது கேவலம் என்று யாராவது சொன்னால் எஸ்க்யூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸ் லைப்ரரியைக் காட்டு. நூற்றுக்கும் மேற்பட்ட ஃபைல்களை ஒரே சி ஃபைலாக இணைத்து, அப்படியே உங்கள் புராஜெக்ட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் அவர்களே தருகிறார்கள். ஒரு நிபந்தனை: காப்பியில் கை வைக்காதே. பக் கிடைத்தால் முதலில் மூலத்தில் திருத்து, அப்புறம் காப்பிகளுக்கு இறக்கு.

புது லினக்ஸில் வந்ததாகச் சொன்னாயே, ஸ்டிரெல்காப்பி (strlcpy, ஸ்ட்ரிங்கைக் காப்பி செய்யும் ஃபங்ஷன்) எரர், அதற்கும் காரணம் இருக்கிறது. பிஎஸ்டி (BSD) சிஸ்டங்களில் வெகுகாலமாக இருந்த அந்த ஃபங்ஷன், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் (glibc) 2023-இல் வந்த 2.38 வெர்ஷனில்தான் சேர்ந்தது. நீ அதே பெயரில் ஸ்டேட்டிக்காக (அந்த ஃபைலுக்குள் மட்டும் தெரிவதாக) ஒன்று வைத்திருந்தாய், இரண்டும் மோதிக்கொண்டன. எஸ்-டி-ஆர் என்று தொடங்கி அடுத்து சின்ன எழுத்து வரும் ஃபங்ஷன் பெயர்களை சி ஸ்டாண்டர்ட் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. சி-யில் பெயர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸ் கிடையாது. வெளியே தெரியும் ஒவ்வொரு பெயருக்கும் உன் முன்னொட்டைப் போடு. அசிங்கமாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

அரே ஃபைலில் ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டும். மெமரி பிளாக்கின் அளவை மாற்றும் ரீஅலாக் (realloc) தருவதை அதே பாயின்டரில் வாங்குகிறாய். மெமரி கிடைக்காவிட்டால் நல் (NULL, வெற்று பாயின்டர்) வரும். பழைய பிளாக் அப்படியே உயிரோடு இருக்கும், அதன் முகவரி மட்டும் உன் கையை விட்டுப் போயிருக்கும். வேறு வேரியபிளில் வாங்கி, சோதித்த பிறகு மாற்று. அதே வரியில் எண்ணிக்கையை எலிமென்ட் சைஸால் பெருக்குகிறாய். எண்ணிக்கை ரொம்பப் பெரிதானால் பெருக்கல் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடும்; ரீஅலாக்கும் சந்தோஷமாகச் சின்ன பிளாக்கைத் தரும், நீ அதன் எல்லை தாண்டி எழுதுவாய். சைஸ் மேக்ஸை (SIZE_MAX, அளவுக்கான உச்ச எண்) எலிமென்ட் சைஸால் வகுத்து, எண்ணிக்கை அதற்குள் இருக்கிறதா என்று முதலில் பார். ஒரே புராஜெக்ட்டில் இருந்தால் சின்னத் தவறு. லைப்ரரியில் இருந்தால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓடும் ஒரு டெஸ்ட் ஃபைலையும் கூடவே வை.

லாகரை லைப்ரரியிலிருந்து வெளியே எடுத்துவிடு. எரர் வந்தால் அது எக்ஸிட்டைக் கூப்பிட்டு மொத்த புரோகிராமையும் முடித்துவிடுகிறது. நிற்பதா தொடர்வதா என்பதைக் கூப்பிட்டவர் முடிவு செய்யட்டும், நீ எரர் கோடைத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஹேஷ் டேபிளை இப்போது ஒரே புராஜெக்ட்தான் பயன்படுத்துகிறது. அங்கேயே இருக்கட்டும், இன்னொன்று கேட்கும்போது எடுத்து வரலாம்.

இதை ஆபீஸ் வேலையில் சேர்க்கும் முன் லைசென்ஸ் ஃபைலைப் போட்டுவிடு, வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படி. அரே ஃபைலைத் திருத்தியதும் டெஸ்ட்டோடு அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்