பூனைக்கும் கிடைக்கும் சைட்டேஷன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேராசிரியர்களின் பதவி உயர்வுக்கு கூகுள் ஸ்காலர் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுளின் தளம்) காட்டும் மேற்கோள் (சைட்டேஷன்) எண்ணிக்கையையே, அதாவது அவர்களின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கையே, அளவுகோலாக வைத்துவிடலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் யோசனை சொல்லியிருந்தார். கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, பேராசிரியர்களுக்கு இந்த ஸ்காலர் கணக்குகளைத் திறந்து கொடுக்கும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவன் நான். எனக்கு அந்த யோசனை பயமாக இருக்கிறது.

போன மாதம் வேதியியல் பேராசிரியை ஒருவருக்குக் கணக்கு தொடங்கினேன். நம் ஊர்ப் பெயர்தான்: முன்னால் அப்பாவின் ஒற்றை எழுத்து, பின்னால் தன் பெயர். 'இவை உங்கள் கட்டுரைகளா?' என்று ஸ்காலர் ஒரு பட்டியலை நீட்டியது. கரும்பு நோய், பல் மருத்துவம், செல்போன் டவர் என்று என்னென்னவோ வந்து நின்றன. "நான் எப்ப சார் பல்லு புடுங்கினேன்?" என்று சிரித்தார். அதையெல்லாம் நீக்கியதும் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. நீக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டு போகிறவர்களை யார் தடுப்பது? இந்தப் பெயர்க் குழப்பத்துக்காகவே, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஓர்கிட் எண் 2012-இல் வந்தது. எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் அதை வாங்கியதோடு சரி.

பெயரே சரியாக இருந்தாலும் எண்ணை நம்ப முடியாது. 2024-இல் ரீஸ் ரிச்சர்ட்சன், நிக் வைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ரிச்சர்ட்சனின் பாட்டி வளர்த்த லாரி என்ற பூனையின் பெயரில் 12 போலிக் கட்டுரைகளைத் தயார் செய்தார்கள். அவற்றை மேற்கோள் காட்டும் இன்னும் சில உளறல் கட்டுரைகளையும் இணையத்தில் ஏற்றினார்கள். ஸ்காலர் அவற்றையும் எண்ணியது. லாரிக்கு 132 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 11. அதாவது குறைந்தது 11 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 11 முறைக்குக் குறையாமல் சுட்டப்பட்டிருக்க வேண்டும். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் சொன்ன கணக்கு இது. காசுக்கு மேற்கோள் ஏற்றித் தரும் கடைகள் இருப்பதைக் காட்டத்தான் பூனையை இறக்கினார்கள்.

சரி, ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். அது பெரும்பாலும் தேர்ந்தெடுத்த இதழ்களைத்தான் பார்க்கும். அங்கே பூனை நுழைவது கஷ்டம். எங்கள் தமிழ்த்துறைக்காரரும் நுழைய முடியாது. கல்வெட்டுகளில் வரும் நில அளவைச் சொற்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர் அவர். அதை யார் யார் அடிக்குறிப்பில் சுட்டியிருக்கிறார்கள் என்று ஒரு மதியம் எங்கள் அலமாரிகளிலேயே தேடினேன். நாலு மணிக்குள் பதினொரு நூல்கள் சிக்கின. ஸ்காலரில் அவருக்கு இருப்பது இரண்டு. அச்சு நூலின் அடிக்குறிப்பு இணையத்துக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்த பி.டி.எஃப்.தான், மெஷினுக்கு அது வெறும் படம்.

இத்தனைக்கும், அறிவியலுக்கு மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது சொன்ன காரணமே வேறு. ஒரு பழைய கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் எங்கே குறை சொல்லியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். தேடிப் போய்ப் படிப்பதற்காக வந்த கருவி அது. இன்றைக்கு, தப்பு என்று மறுத்து எழுதினாலும் ஒன்று, ஆகா என்று எழுதினாலும் ஒன்று.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. விண்ணப்பத்தில் மேற்கோள் எண்ணைக் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் கேளுங்கள்: தன் ஆய்வுகளில் சிறந்தவை மூன்று, அவை ஒவ்வொன்றையும் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்திய ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ். அச்சு நூலாக இருந்தாலும் செல்லும். படிக்க நேரமில்லை என்று தேர்வுக் குழு சொல்ல முடியாது, ஆளுக்கு மூன்று பக்கம்தான். ஜெராக்ஸ் மெஷின் நூலகத்திலேயே இருக்கிறது, எடுத்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.