பாதி ஆட்டத்தில் விதியை மாற்றினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளைப் பற்றி நம் நாளிதழ்களில் வருபவை பெரும்பாலும் இரண்டே வகைதான்: பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலை ஒன்று, இத்தனை கோடி வசூல் என்ற வணிகச் செய்தி மற்றொன்று. விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் எதைப் பற்றி மாதக்கணக்கில் வாதிட்டுக்கொள்கிறார்கள் என்பது அச்சில் வருவதே இல்லை. ஆக்‌ஷன் ஆர்பிஜி எனப்படும் விளையாட்டுகளை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விளையாடி வருபவன் என்ற முறையில், அந்த வாதங்களில் மிகப் பழையதும் இன்றுவரை தீராததுமான ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

இவ்விளையாட்டுகளை அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, பூதங்களை வீழ்த்தி, நிலை உயர உயரக் கிடைக்கும் புள்ளிகளைத் திறன்களில் இட்டு அதை வளர்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் பிலிசார்ட் நிறுவனம் வெளியிட்ட டயாப்லோ 2 விளையாட்டில் உச்ச நிலை 99; அதுவரை போய், இடையில் வரும் பணிகளையும் முடித்தால் மொத்தம் 110 திறன் புள்ளிகள் கிடைக்கும். ஒரு திறனில் அதிகபட்சம் 20 புள்ளிகள் இடலாம். அப்படியானால் ஐந்து திறன்களைத்தான் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியும். மிச்சமிருக்கும் பத்தும் வழியில் கட்டாயமாகக் கற்க வேண்டிய சில்லறைத் திறன்களுக்கே போய்விடும். எந்த ஐந்து என்ற அந்தத் தேர்வையும் அதற்கேற்ற ஆயுதம், கவசம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் ‘பில்டு’ என்கிறோம். சில மாதங்களுக்கு ஒருமுறை நிறுவனம் இத்திறன்களின் வலிமையைக் கூட்டும், குறைக்கும். கூட்டினால் ‘பஃப்’; குறைத்தால் ‘நெர்ஃப்’. பின்னது, நுரைக் குண்டுகளைச் சுடும் ஒரு பொம்மைத் துப்பாக்கியின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நேற்றுவரை வாளாக இருந்தது இன்று பொம்மையாகிவிட்டது என்ற எரிச்சல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

வலிமையைக் குறைக்கவே கூடாது என்று வாதிடுவது என் நோக்கமன்று. குறைக்கத்தான் வேண்டியிருக்கும். விதி எவ்வளவு அடிக்கடி மாறுகிறதோ, போட்ட புள்ளிகளைத் திரும்ப எடுத்து வேறிடத்தில் இடுவதற்கான செலவு அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும். அச்செலவை உயர்வாக வைத்திருக்க விரும்பும் நிறுவனம் விதியில் கைவைக்கத் தயங்க வேண்டும். இவ்விரண்டையும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்ப்பதால்தான் ஒவ்வொரு முறையும் அதே கூச்சல் எழுகிறது என்பது என் கருத்து.

டயாப்லோ 2 வெளிவந்தபோது போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. திருச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வளர்த்த சூனியக்காரி, நெருப்பிலும் பனியிலும் மின்னலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளைச் சிதறவிட்டு, ‘நரகம்’ என்ற மூன்றாம் கட்டத்தில் நெருப்பு தீண்டாத பூதங்களின் முன்னால் செய்வதறியாமல் நின்றாள். அது முழுக்க என் தவறு. தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். யார் மீதும் கோபம் வரவில்லை.

2003 அக்டோபரில் நிறுவனம் வெளியிட்ட 1.10 என்ற எண்ணுள்ள மென்பொருள் திருத்தம் வேறு மாதிரியானது. ஒரு திறனில் இட்ட புள்ளிகள் அதோடு தொடர்புடைய மற்றொரு திறனையும் வலுப்படுத்தும் ‘சினர்ஜி’ என்ற முறையை அது கொண்டுவந்தது; கடினக் கட்டங்களின் பூதங்களையும் கடுமையாக்கியது. விளைவாக, ஒரே குடும்பத்துத் திறன்களில் புள்ளிகளைக் குவித்தவர்கள் ஓங்கினார்கள். அதுவரை நியாயமான கணக்குப் போட்டு இரண்டு மூன்று வகைத் திறன்களில் பகிர்ந்து வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். அவர்கள் போட்ட கணக்கில் பிழையில்லை; கணக்கின் வாய்பாடு மாறிவிட்டது. அதன் பிறகும் அவர்களுக்குத் திரும்பும் வழி தரப்படவில்லை. 2010 மார்ச்சில் வந்த 1.13 திருத்தத்தில்தான், ஒரு கட்டத்துக்கு ஒருமுறை எல்லாப் புள்ளிகளையும் திரும்பப் பெறும் வசதியும், பெரும்பூதங்களிடமிருந்து விழும் நான்கு சாறுகளைச் சேர்த்து அதே வசதியை மேலும் பெறும் வழியும் வந்தன. விதி மாறியதற்கும் வழி திறந்ததற்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

ஆனால் அன்று ஒரு வசதி இருந்தது. தனியாக விளையாடுகிறவன் திருத்தத்தை நிறுவாமலேயே இருந்துவிடலாம். எங்கள் பிரவுசிங் சென்டர் உரிமையாளர் அதை நிறுவவே இல்லை. ‘ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்’ என்பது அவர் கொள்கை. உலகம் 1.10க்குப் போன பிறகும் எங்கள் கணினிகளில் வெகுகாலம் பழைய விதிதான் செல்லுபடியானது. 2012இல் டயாப்லோ 3 எப்போதும் இணையத் தொடர்பைக் கோரத் தொடங்கியபோது இந்த வசதி போயிற்று. இப்போது கணக்குகள் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் நடக்கின்றன. திருத்தம் என்பது ஏற்கவோ மறுக்கவோ கூடிய ஒன்றாக இல்லாமல் ஆணையாகிவிட்டது. மறுக்கும் உரிமை போன இடத்தில் ஈடு கேட்கும் உரிமை வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

டயாப்லோ 4 இதற்கு அண்மைச் சான்று. 2023 ஜூனில் வெளியான அவ்விளையாட்டுக்கு, முதல் சீசன் (எல்லோரும் புதிய பாத்திரத்தோடு தொடங்கும் சில மாதப் பருவம்) தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை 18 அன்று 1.1.0 திருத்தம் வந்தது. உக்கிர அடியின் சேதம், பலவீனமான எதிரிக்குக் கிடைக்கும் கூடுதல் சேதம், திறன்களின் காத்திருப்பு நேரக் குறைப்பு, தற்காப்பு என்று ஏறக்குறைய எல்லா வகுப்பினரும் (அதாவது பாத்திர வகையினரும்) நம்பியிருந்த அடிப்படை எண்கள் ஒரே வீச்சில் வெட்டப்பட்டன. குகையிலிருந்து வெளியேறும் மந்திரத்துக்கான நேரம்கூட மூன்று நொடியிலிருந்து ஐந்து நொடியாயிற்று. இந்த இரண்டு நொடிதான் பலரையும் அதிகம் சீண்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். சேதக் குறைப்புக்குச் சமநிலை என்ற காரணம் சொல்லலாம். சும்மா நின்று காத்திருப்பதற்கு அப்படி எந்தக் காரணத்தையும் விளையாடுகிறவன் ஏற்கமாட்டான். சில நாட்களிலேயே வடிவமைப்பாளர்கள் நேரலையில் தோன்றி, இப்படியொரு திருத்தத்தை இனிச் செய்யும் எண்ணமில்லை என்றும், மாற்றக் குறிப்புகளை இனி முன்கூட்டியே வெளியிடுவோம் என்றும் சொன்னார்கள். ஆகஸ்டில் வந்த 1.1.1 திருத்தம் சூனியக்காரர், காட்டுமிராண்டி ஆகிய இரு வகுப்புகளையும் தூக்கிவிட்டதோடு, திறன் புள்ளிகளை மாற்றியமைப்பதற்கான தங்கச் (விளையாட்டுக்குள் புழங்கும் நாணயம்) செலவையும் ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்தது.

அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்திலும் இதே கதைதான். நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் நிறுவனம் 2024 டிசம்பர் 6 அன்று பாத் ஆஃப் எக்ஸைல் 2 விளையாட்டை முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்டது. எதிரி உறைந்தால் தானே மந்திரம் பாயும் வகையிலான ஒரு பில்டு அளவுக்கு மீறி வலுவாக இருந்ததால், சில நாட்களிலேயே அதை வெட்டினார்கள். வெட்டியதில் பிழையில்லை. ஆனால் அதை நம்பிப் பாத்திரத்தை வளர்த்தவர்களிடம் வேறு வழிக்கு மாறத் தேவையான தங்கம் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு அங்கும் மாற்றியமைக்கும் செலவு கணிசமாகக் குறைக்கப்பட்டது. இரண்டு நிறுவனங்களும், இரண்டு வெவ்வேறு சந்தர்ப்பங்களில், அடி வாங்கிய பிறகு ஒரே மருந்தைத்தான் எடுத்திருக்கின்றன. அதை வெட்டும் நாளிலேயே கொடுத்திருந்தால் என்ன என்பதே என் கேள்வி.

‘தவறான தேர்வுக்கு விலை இருந்தால்தான் தேர்வுக்கு மதிப்பு’ என்று சில மூத்த வீரர்கள் சொல்வதை நான் அறிவேன். நானும் அந்தக் கட்சிக்காரனாகத்தான் இருந்தேன். என் சூனியக்காரி விஷயத்தில் அவ்வாதம் முற்றிலும் சரி. ஆனால் விதி மாறியதால் விழுந்தவன் எந்தத் தவறும் செய்யவில்லை. அவனிடம் வசூலிக்கப்படுவது பாடத்துக்கான கட்டணம் அன்று, பிறர் செலவை அவன் தலையில் கட்டுவது.

இன்னொரு தரப்பு, பூதங்களோடு மட்டுமே மோதும் விளையாட்டில் யாரையும் எதற்காகக் குறைக்க வேண்டும், பலவீனமான திறன்களைத் தூக்கிவிட்டால் போதாதா என்று கேட்கிறது. இந்தக் கேள்வியை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2021இல் புதுப்பிக்கப்பட்டு வந்த டயாப்லோ 2க்கு, 2022 ஏப்ரலில் 2.4 திருத்தம் வந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் சமநிலை மாற்றம் அது. எல்லோரும் பயன்படுத்தும் சுத்தியல் வீரனை அது தொடவில்லை. யாரும் சீந்தாத கொலையாளியின் மற்போர்க் கலைகளையும் காட்டுமிராண்டியின் எறிபடைகளையும் தூக்கிவிட்டது. அதை யாரும் பெரிதாகப் பழித்ததாக எனக்கு நினைவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், தீண்டா வரம் பெற்ற பூதங்களின் அந்த வரத்தை உடைக்கும் தாயத்துகளைத் தந்தார்கள். ஆனால் அணிபவரின் சொந்தத் தடுப்பாற்றலும் குறையும் என்று அதற்கொரு விலையும் வைத்தார்கள். இருபது ஆண்டுக்கு முன் நெருப்போடு நின்றுவிட்ட எனக்கு அந்தத் தாயத்து வந்த நாள் ஒரு பண்டிகை என்றே சொல்வேன்.

ஆனாலும் தூக்கிவிடுவதை மட்டுமே வழியாகக் கொண்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு டயாப்லோ 3 சான்று. அதில் ஒரு கவசத் தொகுப்பை முழுமையாக அணிந்தால் சேதம் ஆயிரக்கணக்கான சதவீதம் உயரும் நிலை வந்தது. தொகுப்புக்கு வெளியே எதை அணிந்தாலும் வீண். எண்கள் வானளாவ வளர்ந்தன, தேர்வுகளோ சுருங்கின. எல்லோருக்கும் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போனால் அரிசி விலையும் கூடவே ஏறுவதைப் போலத்தான். ஆகவே வெட்டு தேவை. எப்போது என்பதுதான் அடுத்த கேள்வி.

பருவத்தின் நடுவில் வெட்டுவது யாரைத் தாக்குகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சீசன் மூன்று மாதம் என்று கொள்வோம். வேலைக்குப் போய்வந்து இரவில் ஒரு மணி நேரம் விளையாடுபவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 90 மணி நேரம். இதையே தொழிலாகக் கொண்டு நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஆடுபவர் அந்தத் தொலைவை முதல் வாரத்திலேயே கடந்துவிடுவார். வலுவான பில்டைக் கண்டுபிடிப்பவர் அவர். அதைப் பயன்படுத்தி அரிய பொருள்களைச் சேர்த்துச் சந்தையில் நல்ல விலைக்கு விற்பவரும் அவரே. அவர் காட்டிய வழியைப் பார்த்து மற்றவர்கள் பின்தொடர்வதால் அந்த பில்டுக்குத் தேவையான பொருள்களின் விலை ஏறுகிறது. ஐந்தாவது வாரத்தில், ஏறிய விலையில் அவற்றை வாங்கி, வேலைக்குப் போய்வரும் நம்மவர் அந்த இடத்துக்கு வந்துசேரும்போது வெட்டு விழுகிறது. கண்டுபிடித்தவர் அதற்குள் லாபத்தோடு வேறு பில்டுக்குப் போயிருப்பார். கடைசியில் வந்தவன் கையில்தான் ஓட்டைப் பாத்திரம் மிஞ்சுகிறது.

இந்த அளவில், டயாப்லோ 4 தன் முதல் விரிவாக்கத்தோடு 2024 அக்டோபரில் கொண்டுவந்த ஸ்பிரிட்பார்ன் வகுப்பை நடத்திய விதம் எனக்குச் சரியாகவே பட்டது. அவ்வகுப்பின் அளவற்ற சேதத்தில் ஒரு பகுதி நிரற்பிழையால் வந்தது என்று தெரிந்தும், சீசன் முடியும்வரை அதை விட்டுவைத்தார்கள். மற்ற ஐந்து வகுப்பினர் குழு ஆட்டங்களில் வேடிக்கை பார்ப்பவர்களாக ஆனார்கள் என்பது உண்மை. அந்த வருத்தம் எனக்கும் இருந்தது. ஆனாலும் யாருடைய உழைப்பும் இடையில் பறிக்கப்படவில்லை. அதேபோல, பாத் ஆஃப் எக்ஸைல் முதற்பாகத்தின் 2021 ஜூலை திருத்தம், திறன்களை வலுப்படுத்தும் துணை மணிகளின் சேத விகிதங்களைக் கடுமையாகக் குறைத்துப் பலரை விரட்டிவிட்டது என்றாலும், எல்லோரும் புதிய பாத்திரத்தைத் தொடங்கும் புதுப் பருவத்தின் வாசலில் வந்தது. அளவு தவறு என்று வாதிடலாம். நேரம் தவறு என்று சொல்ல முடியாது. பருவம் முடிந்த பிறகும் பாத்திரங்கள் தொடரும் நிரந்தரப் பிரிவில் பழைய பாத்திரங்களை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது வலித்தது.

அந்த நிரந்தரப் பிரிவுக்கு அந்நிறுவனம் வேறு ஒரு தீர்வு வைத்திருப்பதையும் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற ஒரு பொருளை மாற்றும்போது, முன்பே கிடைத்த பிரதிகளைப் பழைய எண்களோடு விட்டுவிடுவார்கள். 1000 உயிர்ப்புள்ளி தந்த காவோம்ஸ் ஹார்ட் என்ற கவசம் பிற்பாடு 500 ஆனபோதும், முன்னரே வைத்திருந்தவர்களிடம் ஆயிரமே இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. முந்தி வந்தவனுக்கு நிரந்தரப் பட்டயம் எழுதிக் கொடுப்பதாகவே அது முடிகிறது.

இப்போதெல்லாம் மாற்றக் குறிப்பு வெளியானதும் நான் முதலில் தேடுவது, அது எந்தத் தேதியில் நடைமுறைக்கு வருகிறது, அன்றைக்குப் புள்ளிகளைத் திரும்பப் பெற எத்தனை தங்கம் ஆகும் என்ற இரண்டு வரிகளைத்தான். என் பாத்திரத்தின் எந்தத் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை அதற்குப் பிறகு, இரவு உணவு முடித்து உட்கார்ந்து, பொறுமையாகவே படிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி