ஊரக மகளிர் உரிமை விழாவுக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

உலக ஊரக மகளிர் நாளான அக்டோபர் 15 அன்று எங்கள் மகளிர் குழு ஏற்பாடு செய்த பெண்கள் உரிமை விழா, ஊரார் அனைவரின் ஒத்துழைப்போடும் நிறைவாக நடந்தேறியது. துணைநின்றவர்களுக்கு நேரில் நன்றி தெரிவித்துவிட்டோம் என்றாலும், யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக இம்மடலை எழுதுகிறோம்.

விழாவைப் பற்றிப் பேசத் தொடங்கிய முதல் கூட்டத்திலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். பொது நிகழ்ச்சி எதுவானாலும் சமைப்பதும் பரிமாறுவதும் கூட்டிப் பெருக்குவதும் பெண்கள் பொறுப்பாகி, மேடையில் பேசப்படுவதை அவர்கள் அடுப்படியிலிருந்து அரைகுறையாகக் கேட்கும் நிலை இந்த விழாவில் இருக்கக் கூடாது என்பதே அம்முடிவு. ஆகவே, அதை எடுத்துச் சொன்னதும் அன்றைய வீட்டு வேலைகளைத் தாங்களே ஏற்றுக்கொண்ட ஆண்களுக்கு எங்கள் முதல் நன்றி உரியது. விடியலில் தண்ணீர் பிடித்தது, மாடுகளுக்குத் தீவனம் வைத்துப் பால் கறந்தது, பந்தலில் கூடிய அத்தனை பேருக்கும் சமைத்துப் பரிமாறியது, இரவில் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தது எல்லாம் அவர்களே. பந்தலின் ஓரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இளைஞர்கள், கைக்குழந்தை பசித்து அழும்போது தாயிடம் கொண்டுவந்து கொடுத்து, பசியாறியதும் மறுபடி வாங்கிச் சென்றார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை விட்டுவிட்டு வர முடியாது என்று தயங்கிய எங்கள் உறுப்பினர் ஒருவர், கணவரும் மகனும் முறைவைத்து அருகில் இருந்து கவனித்துக்கொண்டதால், அன்று முழுவதும் எங்களோடு அமர்ந்திருந்தார். இப்படி வீட்டுப் பொறுப்பை வாங்கிக்கொண்டவர்கள் இல்லாதிருந்தால், யாருக்காக விழா எடுத்தோமோ அவர்களே அதற்கு வந்திருக்க முடியாது.

பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979 டிசம்பர் 18 அன்று ஏற்றுக்கொண்டது. 1981இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆம் பிரிவு முழுவதும் ஊரகப் பெண்களைப் பற்றியது என்பது எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. மருத்துவ வசதி, பயிற்சி, சுய உதவிக் குழுக்களையும் கூட்டுறவுகளையும் அமைத்துக்கொள்ளும் உரிமை, வேளாண் கடன், விளைபொருளுக்குச் சந்தை வசதி, வீடு, கழிப்பிடம், மின்சாரம், குடிநீர், போக்குவரத்து என்று அப்பிரிவு எடுத்துரைப்பவற்றில் எங்கள் அன்றாட வாழ்வுக்குத் தொடர்பில்லாதது ஒன்றுமில்லை. சட்ட நடையில் இருந்த அந்த வாசகத்தைப் பேசும் தமிழில் எளிமையாக்கி, முதியவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்துகளில் எழுதித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கற்ற மூதாட்டி ஒருவர், அதில் குடிநீரைப் பற்றிய வரியை விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக் கூட்டி ஒலிபெருக்கியில் வாசித்து முடிக்கும் வரை பந்தலே பொறுமையாகக் காத்திருந்தது. அந்தப் பொறுமைக்காக அவையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனியாக நன்றி சொல்கிறோம்.

சிறப்புரையாற்றிய வழக்கறிஞர் அம்மையார் ஐஸ்லாந்துப் பெண்களைப் பற்றிச் சொன்னது இன்னமும் எங்கள் பேச்சில் அடிபடுகிறது. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அடுத்த ஆண்டே ஆண், பெண் சமத்துவத்துக்கான சட்டம் அங்கே நிறைவேறியது. 1980இல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண்மணி குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்கள் கைவிட்டால் நின்றுபோகும் வேலை எவ்வளவு என்பதை ஒரு நாடே ஒரே நாளில் கண்டுகொண்டது என்று வழக்கறிஞர் அம்மையார் விளக்கியபோது, சமையல் பொறுப்பில் இருந்த ஆண்களும் கரண்டியோடு வந்து நின்று கேட்டார்கள்.

உரையோடு அவர் விடைபெற்றுச் செல்லவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். காலமெல்லாம் உழுது நட்ட நிலத்தின் பத்திரத்தில் தன் பெயர் இல்லையே என்று கேட்டவருக்கும், கடன் வாங்கத் தன் கையெழுத்து மட்டும் போதாதா என்று கேட்டவருக்கும், ஒப்பந்தம் செய்துகொள்ளவும் சொத்தை நிர்வகிக்கவும் பெண்ணுக்குச் சம உரிமை உண்டு என்று கூறும், அதே உடன்படிக்கையின் 15ஆம் பிரிவை அவர் படித்துக் காட்டினார். பிறகு, ஒவ்வொருவரும் கொண்டுவந்த ஆவணங்களைத் தனித்தனியே பார்த்து, அடுத்து எங்கே, யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். இருட்டிய பிறகும் அவர் இருக்கையை விட்டு எழவில்லை. அதற்குக் கட்டணம் ஏதும் பெற்றுக்கொள்ளாத அவருடைய பெருந்தன்மைக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பந்தல் அமைத்தவர்கள், ஒலிபெருக்கி தந்தவர்கள், நாற்காலிகளைச் சுமந்து வந்து மறுநாள் திரும்பச் சேர்த்த மாணவர்கள், நடக்க இயலாதவர்களை வண்டியில் அழைத்து வந்தவர்கள், நன்கொடை அளித்தவர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி. வரவு செலவுக் கணக்கு நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

விழாவில் பெண்கள் எழுப்பிய கேள்விகளையும் கோரிக்கைகளையும் பள்ளி மாணவிகள் ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றைத் தொகுத்து ஊர் நிர்வாகத்திடம் நேரில் அளிக்கவிருக்கிறோம். அன்று உடன்வருவதாகப் பெயர் கொடுத்திருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் முன்கூட்டியே எங்கள் நன்றி. நாள் உறுதியானதும் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து தெரிவிக்கிறோம்.

நன்றியுடன்,
மகளிர் குழு உறுப்பினர்கள்