ஜூன் 14-க்குள் வந்து சேர்

தொண்டி,
வைகாசிக் கடைசி

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு மூன்று தரம் படித்தேன். முழங்கால் வலி, பேத்தியின் நீச்சல் வகுப்பு, அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் லாரி வராதது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று "அங்கே என்ன விசேஷம், மீன்பிடித் தடை, ஊரே தூங்கிக்கொண்டிருக்குமே" என்று ஒரு வரி போட்டிருக்கிறாய் பார், அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில்.

நீ நினைப்பது அப்படியே தலைகீழ். இந்த ஊர் ஊராக இருப்பதே ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, இந்த 61 நாள்தான். மற்ற மாதங்களில் வாரத்தில் விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை வைத்துப் போவார்கள். அதனால் யார் கரையில் இருக்கிறார், யார் கடலில் இருக்கிறார் என்று வீட்டுக்காரிக்கே விரல் விட்டு எண்ணினால்தான் தெரியும். ராத்திரி போனவர் பகலில் வந்து தூங்குவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மறுபடி கிளம்பிக்கொண்டிருப்பார். தடை விழுந்த அன்றைக்குத்தான் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நிற்பதைப் பார்க்கலாம். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அவை போகும் வரும். ஆனால் விசைப்படகில் போகிறவர்கள் எல்லாரும் வீட்டில்.

கல்யாணங்களை இதற்குள்தான் அடைக்கிறார்கள். போன வாரம் மட்டும் எனக்கு நாலு. காலையில் இலை சாப்பாடு, மத்தியானம் நிக்காஹ் வீட்டில் பிரியாணியும் தாளிச்சாவும், என் வீட்டுக்கார ஆச்சி முறைக்கிற முறைப்பில் ராத்திரி வெறும் மோர். மொய் எழுதி எழுதியே கல்லா இளைத்துவிட்டது.

பணம் என்று பார்த்தால் ஊர் காய்ந்துதான் கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளால் வகுத்துப் பார், நாளுக்கு 131 ரூபாய் வரும். 2017-க்கு முன்னால் தடை 45 நாள்தான் இருந்தது, அதிலிருந்துதான் 61. சினை மீனை விட்டுவைத்தால்தான் அடுத்த வருஷம் வலையில் ஏதாவது ஏறும் என்பது இவர்களுக்குத் தெரியாததில்லை. கடைத் திண்ணைக்கு வருகிற ஒரு பெரியவர் மட்டும், "மீன் என்ன காலண்டரைப் பார்த்தா சினை பிடிக்குது" என்று தினமும் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் டீ குடிப்பார். என் கடையில் நூல், ஈயக்குண்டு, மிதவை எல்லாம் தூங்குகிறது. ஓடுவது பெயிண்டும் பைபர் ஒட்டுகிற சாமானும்தான், அதுவும் முக்கால்வாசி கடன் நோட்டில். நோட்டு இந்த வருஷம் இரண்டாவது போட்டாயிற்று. யாரும் ஏமாற்றியது கிடையாது, ஆனால் ஜூலை வரைக்கும் நான்தான் பொறுமையாக இருக்க வேண்டும்.

எங்கள் ஐயா, அப்பச்சியைப் பெற்றவர், பர்மாவுக்குக் கொண்டு விக்க, அதாவது தொழில் பண்ணப் போனவர், அப்பச்சி மலேயாவோடு நிறுத்திக்கொண்டார், நான் தேவகோட்டையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் கயிறு விற்கிறேன் என்று நீ அன்றைக்குச் சிரித்தாயே. செட்டிநாட்டுக்கு எல்லை சொல்கிறவர்கள் வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்பார்கள். அந்தக் கணக்கில் நான் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறேன். கல்லாவை விட்டு எழுந்தால் எல்லை கண்ணுக்குத் தெரியும். நீதான் எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் கிடக்கிறாய்.

சரி, விசேஷத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் குப்பத்தில் கோயில் திருவிழாவுக்காகப் பாய்மரப் படகுப் போட்டி வைத்தார்கள். இரண்டாம் பரிசோடு கொடுக்க என் கடையிலிருந்து ஒரு சுருள் கயிறு தருவதாக வாயைக் கொடுத்துவிட்டேன், அதற்காக என்னையும் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். வேலை என்னவென்றால், முதல் மூன்று படகு வருகிற வரிசையைப் போனில் படம் பிடித்து எழுதிவைக்க வேண்டும். இது என்ன பெரிய வேலை என்று குடை கூட இல்லாமல் போய் நின்றேன் (குடை ஏன் இல்லை என்று உனக்கே தெரியும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்).

நம் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்பார்கள், தெரியுமே, தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் இரைகிறது ஆண்கடல். ஆழம் குறைவு, அலை பெரிதாக எழும்பாது. ஆனால் கச்சான் என்கிற மேல்காற்று பிடித்துவிட்டால் இவளும் சும்மா இருக்க மாட்டாள். காற்று எழும்பட்டும் என்று பத்து மணி வரை காத்திருந்துதான் கொடி அசைத்தார்கள். கரையிலிருந்து கடலுக்குள் போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகிறது, அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தூரத்தில் மிதவை கட்டிக் கொடி நட்டிருப்பார்கள், அதைச் சுற்றித் திரும்பினதும்தான் விஷயமே. எதிர்க்காற்றில் பாயை இப்படிப் பிடித்து, அப்படிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஏறி வர வேண்டும். படகு ஒரு பக்கமாகச் சாயும். அப்போது படகுக்குக் குறுக்கே கட்டி வெளியே நீட்டிவிட்டிருக்கிற பலகையில் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர், விளிம்பு வரைக்கும் நடந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கீழே தண்ணீர் பிருஷ்டத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. காற்று ஒரு நொடி தளர்ந்தால் அத்தனை பேரும் பலகையோடு உள்ளே போக வேண்டியதுதான், அதனால் காற்றின் மூச்சைக் கேட்டுக்கொண்டே முன்னும் பின்னும் நகர்ந்தபடி இருக்கிறார்கள். ஒருத்தன் சொல்லி இன்னொருத்தன் நகர்வதாகத் தெரியவில்லை, ஒரே உடம்பு அசைகிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை, நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது, ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் மட்டும் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் நடந்த கூத்தைக் கேள். படகுகள் கரைக்கு நெருங்கி வந்துவிட்டன, நாலு பாய் ஒன்றோடொன்று ஒட்டின மாதிரி வருகிறது, கூட்டம் தண்ணீருக்குள் இறங்கிக் கத்துகிறது, நான் போனைத் தூக்கினால் சூடேறி அணைந்துபோய்விட்டது. வெயிலில் அரை மணி நேரம் கையிலேயே பிடித்திருந்தால் வேறு என்ன ஆகும். இரண்டாவது யார், மூன்றாவது யார் என்று சண்டை ஆரம்பித்துவிட்டது, இரண்டு படகுக்காரரும் என் சட்டையைப் பிடிக்காத குறை. அதுவரைக்கும் என் பின்னால் ஒரு கிழவி, காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலில் வலையை மாட்டி இழுத்து வைத்துக்கொண்டு கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தது. ஊசியை நிறுத்தாமலே சொல்லிற்று: "வெள்ளைச் சாக்கு ஒட்டுப் போட்டது ரெண்டாவது. நீலத் தார்ப்பாய் ஓரம் தைச்சது அதுக்குப் பொறத்தால. பாயைப் பாருங்க செட்டியாரே, ஆளைப் பாக்காதீங்க." அவ்வளவுதான். இரண்டு தரப்பும் அடங்கிப்போய்விட்டது. கிழவி தைத்துக் கொடுக்காத பாய் அந்தக் குப்பத்தில் கிடையாதாம், எந்த ஒட்டு எந்த வருஷம் போட்டது என்று கூடச் சொல்லும் என்றார்கள். அடுத்த வருஷம் அந்தக் கிழவியையே கமிட்டியில் போடுங்கள், நான் கயிறோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்களே தவிர யாரும் சரி என்று சொல்லவில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை.

உள்நாட்டில் உன் ஆட்கள் மாட்டு வண்டிப் பந்தயத்தை விடவில்லை. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பழைய வகைதான், போக வர எத்தனை மைல் என்றுதான் இன்றைக்கும் நோட்டீஸ் அடிக்கிறார்கள், மாட்டுக்குக் கிலோமீட்டர் தெரியாது போலிருக்கிறது. காரைக்குடி கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு ஆச்சியோடு போய்வந்தேன். அங்கே தனியாக உற்சவர் கிடையாது, மூலவராக இருக்கும் அம்மனே கிளம்பித் தேரேறுகிறாள் என்பதைச் சின்ன வயதில் நாம் பெரிதாக நினைத்ததே இல்லை. வீட்டுக்காரியே வெளியே வந்துவிட்டாள், பூட்டிய வீட்டில் என்ன இருக்கிறது, நாமும் பின்னாலேயே போவோம் என்று ஆச்சி சொன்னாள். கூட்டத்தில் என் செருப்பு போனதுதான் மிச்சம்.

கண்டதேவித் தேரைப் பற்றி நீ கேட்கவில்லை, கேட்கமாட்டாய் என்றும் தெரியும். நாம் சைக்கிளில் போய்ப் பார்த்த தேர். வடம் யார் யார் பிடிப்பது என்கிற தகராறும் தெரியும். 2006-க்குப் பிறகு ஓடாமலே நின்று, கோர்ட் வரைக்கும் போய், 2024 ஆனியில்தான் மறுபடி ஓடிற்று. நான் போயிருந்தேன். வழியெல்லாம் போலீஸ். தேர் நிலைக்கு வந்ததும் எல்லாரும் கலைந்துபோய்விட்டார்கள், நாம் பார்த்த காலத்துத் திருவிழா மாதிரி யாரும் உட்கார்ந்து பேசவில்லை. ஓடினதே பெரிது என்கிறவர்கள் பக்கம்தான் நானும். ஆனாலும் ஒரு தேரை இழுக்க அத்தனை வருஷம் ஆனதே என்பது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இங்கே பாய்மரப் போட்டியில் கிழவி சொன்ன ஒரு வார்த்தைக்கு இரண்டு படகு அடங்கினதைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

பேரன்கள் லீவுக்கு வந்திருக்கிறார்கள். காரங்காட்டுக்குக் கூட்டிப்போனேன். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். வேர்கள் தண்ணீருக்கு மேலே குச்சி குச்சியாக எழும்பி நிற்பதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, மரம் மூச்சு விடுதா" என்று சின்னவன் கேட்டான், சரியாகத்தான் கேட்டான். பெரியவனுக்கு நண்டு சாப்பிட்டதுதான் ஞாபகம்.

இப்போது நான் சொல்ல வந்தது. நீ எப்போதும் மார்கழியில் வருகிறாய். வந்து, ஊரில் ஒருத்தரையும் காணோம், எல்லாம் மாறிப்போச்சு என்று புலம்பிவிட்டுப் போகிறாய். அவர்கள் எங்கேயும் போகவில்லை, கடலில் இருக்கிறார்கள். ஜூன் 14 ராத்திரி வந்துவிட்டால் இங்கேயும் கதை முடிந்தது. மத்தியானத்திலிருந்தே டீசல் ஏற்றுவார்கள், ஐஸ் உடைக்கிற சத்தம் கடைக்குள் கேட்கும், பெண்டுகள் கரையில் நின்று எதையோ மறந்துவிட்டாய் என்று கத்திக்கொண்டிருப்பார்கள், விடியும்போது தெருவில் நாயும் நானும்தான் இருப்போம். அதற்குள் வா. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. முழங்கால் வலியை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள், கோயம்புத்தூரில் உட்கார்ந்து மட்டும் என்ன செய்யப்போகிறாய். தேவகோட்டை வரைக்கும் வந்துவிட்டால் போதும், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். ஆச்சி வெள்ளைப் பணியாரமும் துவையலும் தருவதாக உறுதி சொல்லியிருக்கிறாள், நண்டு ரசம் என் பொறுப்பு.

குடையைக் கொண்டுவந்துவிடு. நாலு வருஷத்துக்கு முன்னால் உப்பூர் வெயிலுகந்த விநாயகரைப் பார்க்கப் போனபோது, கூரையே இல்லாமல் வெயிலில் உட்கார்ந்திருக்கிற சாமிக்கு எதிரில் நீ மட்டும் குடை பிடித்துக்கொண்டு நின்றாய், அது என் குடை. அப்படியே பஸ் ஏறிவிட்டாய். கருப்புத் துணி, மூங்கில் பிடி, பிடியில் என் இனிஷியல் இருக்கும்.

உன்
மச்சான்