கையெழுத்து வாங்கும் முன் சொல்லிவிடுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஜெர்மன் வகுப்பு நடத்தி நர்ஸ்களை அந்த நாட்டுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனத்தாருக்கும், அவர்களிடம் மாணவிகளைக் கைகாட்டிவிடும் நர்சிங் கல்லூரி நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் வளர்ந்தவள். இப்போது தெற்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். உங்களில் ஒருவர் அனுப்பிவைத்த பண்ருட்டிப் பெண் ஒருத்தி அண்மையில் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தாள். முதல் வாரமே டியூட்டி முடிந்து, உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதாள். "நர்ஸ் வேலைன்னு சொல்லித்தானக்கா கூட்டிட்டு வந்தாங்க? இங்க ஆயாம்மா வேலை கொடுத்திருக்காங்க. ஊருக்குப் போறேன்னா பணத்தைக் கட்டிட்டுப் போன்னு சொல்றாங்க" என்றாள்.

அவள் சொன்னதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை அவளுக்குக் கடலூரிலேயே விளக்கியிருக்க வேண்டியவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் ஊர் வார்டு எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நர்ஸ் ஊசி போடுவார், நரம்பில் மருந்து ஏற்ற வென்ஃப்ளான் குழாய் போடுவார், மருந்து கொடுப்பார், கேஸ் ஷீட் எழுதுவார், ரவுண்ட்ஸில் டாக்டர் பின்னால் போவார். நோயாளியைத் துடைத்துவிடுவதும் ஊட்டுவதும் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவதும் கூட இருக்கும் அட்டெண்டர் வேலை. அம்மாவோ மருமகளோ கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். ஜெர்மனியில் கட்டிலுக்குக் கீழே யாரும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். உடம்பு துடைப்பது, டயப்பர் மாற்றுவது, திருப்பிப் படுக்கவைப்பது, சாப்பிட வைப்பது எல்லாமே நர்ஸின் வேலை. நரம்பில் ஊசி ஏற்றுவது சட்டப்படி டாக்டரின் பொறுப்பு, அவர் ஒப்படைத்தால்தான் நர்ஸ் செய்யலாம். ஐசியூவில் கை தேர்ந்த ஒரு பெண், காலையில் தண்ணீர்க் கிண்ணமும் துண்டுமாக ஒரு தாத்தாவின் கட்டிலருகே நிற்கும்போது தன்னைத் தரம் இறக்கிவிட்டார்கள் என்று நினைப்பதில் என்ன தவறு? அங்கே அதுதான் நர்ஸ் வேலை என்று அவளிடம் யாரும் சொல்லவே இல்லையே.

அந்தத் தாத்தா பக்கவாதம் வந்தவர், ஒரு கைதான் வேலை செய்யும். இவள் கூச்சத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு, நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்வதுபோல் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள், ரொட்டியில் வெண்ணெய் தடவி வாயில் ஊட்டினாள். சீனியர் நர்ஸ் உள்ளே வந்தார். துண்டை நனைத்துப் பிழிந்து தாத்தாவின் நல்ல கையில் கொடுத்தார். பிறகு கைகட்டி நின்றார். தாத்தா முகம் துடைத்து முடிக்க வெகு நேரம் ஆனது, தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது. சீனியர் உதவவில்லை. தாத்தா வீட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் தானே முகம் துடைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், அதை நீ கெடுக்கக் கூடாது என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பெண்ணுக்கு அது செவிட்டில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. அன்பாகச் செய்ததற்குத் திட்டு என்றுதான் அவளுக்குப் பட்டது. முடிந்ததை நோயாளியையே செய்யவைப்பது அங்கே முதல் வருடப் பாடம். துடைக்கும்போதே தோல் சிவந்திருக்கிறதா, மூச்சு எப்படி, பேச்சு குழறுகிறதா என்று பார்ப்பதும் அதே பாடம்தான். அந்த வேலையில் எந்த இழிவும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆயாம்மா வேலை என்றால் மட்டம் என்று நமக்கு எங்கே பதிந்தது என்பதையும் நர்சிங் கல்லூரிகள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம் இந்தத் தலையாட்டல். நம் ஊரில் டாக்டர் சொன்னதும் "சரி சார்" என்போம், புரியாவிட்டாலும் திருப்பிக் கேட்கக் கூச்சம். அங்கே "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்கிற நர்ஸைத்தான் நம்புவார்கள். புரிந்ததாகச் சொல்லிவிட்டு மருந்து அளவு தவறினால் அது ஓர் உயிர். நம் தலையாட்டலோ ஆமாவா இல்லையா என்றே அவர்களுக்குத் தெரியாது. இதையெல்லாம் பி2 என்கிற ஜெர்மன் மொழித் தேர்வு சொல்லித்தராது. நீங்கள் பி2 பாஸ் பண்ண வைக்கிறீர்கள், அதில் குறையில்லை. ஆனால் தெற்கு ஜெர்மனியில் ஷ்வாபியன் வட்டாரத்துப் பாட்டி பேசுகிற ஜெர்மனுக்கும் உங்கள் புத்தகத்து ஜெர்மனுக்கும் வெகு தூரம். போன் அடித்தாலே இந்தப் பெண் எழுந்து வேறு பக்கம் போகிறாள்.

அவள் சொன்னதில் சரியான பாதி பணத்தைப் பற்றியது. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் முடித்தவளானாலும் அங்கே இறங்கியதும் நர்ஸ் ஆகிவிட முடியாது. அந்தந்த மாநில அதிகாரிகள் சான்றிதழைப் பரிசீலித்து, என்ன குறைகிறது என்று எழுதிக்கொடுப்பார்கள். அதற்கு மருத்துவமனையிலேயே தகவமைப்புப் பயிற்சி முடிக்க வேண்டும், அல்லது தேர்வு எழுத வேண்டும். அதுவரை உதவியாளர் பதவி, உதவியாளர் சம்பளம். உங்கள் பேனரில் போட்டிருக்கும் சம்பளம் அங்கீகாரம் கிடைத்த பிறகு வருவது. நடுவில் விட்டுப் போனால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதி ஜெர்மன் மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் இவள் கையெழுத்துப் போட்டபோது ஜெர்மனில் ஏ2 என்கிற தொடக்க நிலைதான் முடித்திருந்தாள். படித்துக் காட்ட ஒருவர் இல்லை. அசல் சான்றிதழ்கள் வேறு உங்களில் ஒருவர் அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த உரிமையில் அவற்றை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

கையெழுத்து வாங்கும் முன் சொல்லிவிடுங்கள். நான் கேட்பது இதுதான்.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, உரிமம் பெற்ற முகவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்கக் கூடாது. இது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பயிற்சி, பதிவு, ஆவணம் என்று பெயரை மாற்றி வாங்கினாலும் கொடுக்கிற அப்பாவுக்கு அது ஒரே பணம்தான். முந்திரித் தோப்பை அடகு வைத்துத்தான் அதைப் புரட்டுகிறார். நேர்மையாக ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு ஜெர்மன் அரசே ஒரு தர முத்திரை கொடுக்கிறது. அதை வாங்கியவர்கள் நர்ஸிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் கேட்கக் கூடாது, அதை வேலை கொடுக்கிறவர்தான் ஏற்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கான அரசு அமைப்பான நோர்க்கா 2021இல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டு, மொழி வகுப்பைக் கட்டணமில்லாமல் நடத்துகிறது. நம் பெண்கள் மட்டும் ஏன் கடனோடு விமானம் ஏற வேண்டும்?

திறன்பெற்ற இந்தியர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக்குவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. அந்த எண்ணை மட்டும் பஸ் ஸ்டாண்ட் பேனரில் பார்த்துவிட்டு வருகிற பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி பார்த்துவிட்டுக் கைக்கு வருவதை எண்ணிப் பார்த்தால் யாருக்கும் கிளம்பத்தான் தோன்றும். அரசு வேலையிலும் தொகுப்பூதிய நர்ஸ்கள் பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே ஒழுங்காகச் சம்பளம் கொடுத்திருந்தால் பாதிப் பேர் உங்கள் வாசலுக்கே வந்திருக்க மாட்டார்கள். வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிக்காவது மத்திய அரசு ஒரு நாள் புறப்பாட்டுப் பயிற்சி வைத்திருக்கிறது. படித்தவள் சமாளித்துக்கொள்வாள் என்று ஐரோப்பாவுக்குப் போகும் நர்ஸை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். கேட்க வந்ததைப் பணிவாகக் கேட்கிறேன். சேர்க்கும் நாளிலேயே பெண்ணையும் பெற்றோரையும் உட்காரவைத்து, அங்கே நர்ஸ் என்ன வேலை செய்வார், அங்கீகாரம் வரும்வரை என்ன பதவி, என்ன சம்பளம், விட்டுப் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்தின் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்து, வீட்டில் படித்துப் பார்க்க அவகாசம் கொடுங்கள். அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அங்கே வேலை பார்த்து விடுமுறையில் வரும் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டால் உங்கள் வகுப்பில் வந்து பேசுகிறோம், பணம் எதுவும் வேண்டாம். இவ்வளவும் கேட்ட பிறகும் போகிறேன் என்று சொல்கிற பெண் அங்கே நன்றாகவே நிற்பாள். வேண்டாம் என்று சொல்கிற பெண்ணைத் தயவுசெய்து போக விடுங்கள்.

பண்ருட்டிப் பெண்ணின் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவருக்கு இது எதைப் பற்றியது என்று தெரியும். அவற்றை அவள் அப்பாவிடம் ஒப்படைக்கும்படி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலூரைச் சேர்ந்த ஒரு நர்ஸ்